கனத்துக்கு வைத்த நூல்கள்

எங்கள் கல்லூரி நூலகத்தில் ஓவிய நூல்கள் முப்பத்தெட்டு இருக்கின்றன. இதை நான் உறுதியாகச் சொல்வேன். நூல் சேர்க்கைப் பதிவேட்டில் 7201 முதல் 7238 வரை எண் போட்டு அவற்றை எழுதியவன் நான்தான். மரக்கடை வைத்திருந்த ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்தபோது சாக்கில் கட்டி அனுப்பியவை அவை. நூலகத்தில் எழுத ஆள் இல்லை என்று அலுவலகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். தலைப்பு, பக்க எண்ணிக்கை, படங்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதி, முத்திரை குத்தி, பதிவேட்டை மூடினேன். பிறகு பதினோரு ஆண்டுகள் அவற்றை நான் நினைக்கவில்லை.

அந்த முப்பத்தெட்டில் ஐந்து வேண்டும் என்று ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு நூலகத்துக்குப் போனேன். ஐந்தும் கைக்கு வர வியாழன் மாலை நாலு ஐம்பது ஆயிற்று. எண்ணூர் சாலையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகூட அதற்குள் துறைமுகத்துக்குள் நுழைந்து சரக்கை இறக்கித் திரும்பியிருக்கும்.

நூல்கள் எனக்கல்ல, என் மனைவிக்கு. தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளியில் ஒன்பது ஆண்டுகளாக அவள் தற்காலிக ஓவிய ஆசிரியை. தற்காலிகம் என்றால், ஏப்ரலில் வீட்டுக்கு அனுப்பி ஜூனில் கூப்பிடுவார்கள். ஏதாவது ஒரு ஜூனில் கூப்பிட மறந்தும் போவார்கள். இந்த ஆண்டு அந்த இடத்தை நிரந்தரமாக்க நிர்வாகம் முடிவு செய்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, நிர்வாகக் குழுவின் முன்னால், எட்டாம் வகுப்புக்கு ஒரு மாதிரிப் பாடம் எடுக்க வேண்டும். போட்டியில் இன்னொரு பெண்ணும் இருந்தார். அவருக்கு இருபத்தாறு வயது. என் மனைவிக்கு நாற்பத்தாறு. இது கைநழுவினால் இன்னொரு பள்ளி அவளைக் கூப்பிடப் போவதில்லை. எங்கள் இருவருக்கும் அது தெரியும் என்பதால் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

பாடத்திட்டத் தாளில் ஒரு கட்டம் இருந்தது: ‘பார்வை நூல்கள், குறைந்தது ஐந்து. நேரில் காட்ட வேண்டும். கைப்பேசியில் பார்த்தவை ஏற்கப்படா.’ அந்தப் பள்ளியில் நூலகம் கிடையாது. தலைமையாசிரியை அறையில் ஒரு அலமாரி உண்டு; அதில் கைடுகளும் சென்ற ஆண்டு விளையாட்டு விழாவின் கோப்பைகளும் இருக்கின்றன. தன்னிடம் ஒரு நூல்கூட இல்லாத இடம் பிறரிடம் ஐந்து நூல் கேட்கிறது. கடையில் விசாரித்தேன். வரவழைக்க இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அதனால்தான் எங்கள் கல்லூரி.

எங்கள் நூலகர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. பொறுப்பை உடற்கல்வி இயக்குநரிடம் கொடுத்துவிட்டார்கள். காரணம், வெயில் நேரத்தில் அவருக்கு மைதானத்தில் வேலை இல்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் பி.டி. சார். கழுத்தில் விசில் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. நூலகத்திலும் விசிலோடுதான் உட்கார்ந்திருந்தார்.

“ஓவிய நூல்கள் எந்தப் பக்கம் இருக்கு சார்?” என்று கேட்டேன்.

“எவ்ளோ ஹைட்டு?” என்றார்.

“உயரமா?”

“சப்ஜெக்ட் சொன்னா எனக்குத் தெரியாது சார். ஹைட்டு சொல்லுங்க, எந்த ரோன்னு சொல்றேன்.”

அவர் விளையாடவில்லை. பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களையும் உயர வரிசைப்படி நிறுத்தியிருந்தார். அணிவகுப்பில் பையன்களை நிறுத்துவது அப்படித்தானே. குட்டையானவை முன்னால், நெட்டையானவை கடைசியில். அதோடு எல்லாவற்றுக்கும் பிரவுன் தாளில் அட்டை போட்டு, முதுகில் எண் மட்டும் ஒட்டச் சொன்னார், அதுதான் சீருடை. தமிழ் இலக்கணமும் கோழி வளர்ப்பும் ஒரே உயரம் என்பதால் அண்டை வீட்டார். இரண்டு பாகமாக வந்த ஒரு வேதியியல் நூலில், இரண்டாம் பாகத்தின் அட்டை கொஞ்சம் பெரிது. அதனால் இரண்டும் வேறு வேறு சுவரில். ஆய்வுக்கு வந்த குழு இதைப் பார்த்து ‘நூலகம் மிக நேர்த்தி’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். அந்த ஒரு வரியால், இனி யார் வந்தாலும் அந்த வரிசையைக் கலைக்க முடியாது.

“பெரிய நூல்கள். ஒரு அடிக்கு மேல இருக்கும்” என்றேன்.

“கடைசி ரோ, கடைசி தட்டு.”

கடைசி வரிசையின் கடைசித் தட்டு காலியாக இருந்தது. சன்னல் வழியாக வந்த சாம்பல் தூசி அதில் ஒரு விரற்கடை படிந்திருந்தது.

நூலக உதவியாளர் அம்மா அப்போதுதான் துடைப்பத்தோடு வந்தார். காத்திவாக்கத்துக்காரர், வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். பத்தொன்பது ஆண்டுகளாக இந்த நூலகத்தைக் கூட்டி, தூசி தட்டி, அட்டை போட்டு வருகிறார். நான் காலித் தட்டைப் பார்த்து நிற்பதைப் பார்த்தார்.

“இன்னா சார், பெர்ஸு பெர்ஸா கனமா இருக்குமே, அந்த புக்கா?”

“ஆமாம்மா. எங்க இருக்கு?”

“அத்த இங்க தேடிக்கினு கீறீங்களே. அதெல்லாம் வேலைக்குப் போயிகீது சார்.”

அவர் சொன்னது உண்மை. எங்கள் கல்லூரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சாலைதான். சன்னலைத் திறந்தால் தாள் பறக்கும். மூடினால் புழுங்கிச் சாவோம். முதலில் செய்தித்தாள் பறக்காமல் இருக்க இரண்டு நூல்களை எடுத்து வைத்தார்களாம். கனமும் அகலமும் கச்சிதமாக இருந்ததைப் பார்த்து, தேர்வுப் பிரிவு சிலவற்றைக் கேட்டு வாங்கியது. பிறகு கணினி அறை, பிறகு இயற்பியல் கூடம், பிறகு கருத்தரங்கு அறைக் கதவு. பி.டி. சார் ஒரு தாளில் ‘பணியில் உள்ளவை’ என்று தலைப்பிட்டுக் குறித்து வைத்திருந்தார். எந்த எண் எந்த அறையில் என்று மட்டும் குறிக்கவில்லை. முப்பத்தெட்டு என்று மொத்தம் மட்டும் போட்டிருந்தார்.

பதிவேட்டில் பார்த்து ஐந்து எண்களை எழுதிக்கொண்டேன். குகை ஓவியங்கள் ஒன்று, வெண்கலச் சிலைகள் ஒன்று, வண்ணங்களைப் பற்றியது ஒன்று, நாட்டுப்புறத் துணி ஓவியங்கள் ஒன்று. ஐந்தாவது, 7219, நம் ஊர்க் கோயில் சுவரோவியங்கள். பாடமே அதைப் பற்றித்தான். மற்ற நான்கும் அதற்குத் துணை. 7219-இல் வண்ணப் படங்கள் தொண்ணூற்றாறு என்று என் கையெழுத்தில் இருந்தது.

செவ்வாய் முழுவதும் அலைந்தேன். உதவியாளர் அம்மா கூட வந்தார். கணினி அறையில் மானிட்டருக்கு அடியில் வெண்கலச் சிலைகள் கிடைத்தது. அங்கே இருந்த பேராசிரியர் அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

“சார், இத எடுத்தா என் கழுத்து போயிடும். மானிட்டர் கண்ணுக்கு நேரா இருக்கணும்னு டாக்டரே சொல்லியிருக்காரு.”

“இது புத்தகம் சார். படிக்கக் கேக்கறேன்.”

“யாரு படிக்கப் போறா?” என்று சிரித்தார். “இங்கயும் படிப்புக்குத்தானே சார் உதவுது?”

முனைவர் பட்டம் பெற்றவர். அம்மா சொன்னார்:

“கழுத்து போவாது சார். தோ, இரு, வரேன்.”

பத்து நிமிடத்தில் மூன்று டைல்ஸோடு வந்தார். ஆண்கள் கழிப்பறை வேலையில் மிஞ்சி, மாடிப்படிக்கு அடியில் அடுக்கி வைத்திருந்தவை. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அந்த நூலின் நீளம், அகலம், கனம், எல்லாம் ஏறக்குறைய அதே. நூலின் பிரவுன் அட்டையை உருவி, அதையே டைல்ஸுக்குச் சுற்றி, மானிட்டருக்கு அடியில் தள்ளினார். பேராசிரியர் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“முன்னைக்கு இது பெட்டர் சார். ஆடல” என்றார்.

புதன்கிழமையும் அதே வேலை. செய்தித்தாள் மேசையில் வண்ணங்கள். இயற்பியல் கூடத்தில் ஒரு கால் குட்டையான மேசைக்கு அடியில் துணி ஓவியங்கள். தேர்வுப் பிரிவு மட்டும் எங்களை உள்ளே விடவில்லை. அது ரகசியப் பிரிவு. கம்பிக்கு உள்ளே இருந்தபடி அதன் பொறுப்பாளர், கேள்வித்தாள் பறந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். டைல்ஸைக் கம்பிக்கு வெளியே வைத்தோம். அவர் எடையைத் தூக்கிப் பார்த்து, திருப்தியான பிறகு, குகை ஓவியங்களை வெளியே தள்ளினார். ஒவ்வொரு இடத்திலும் அம்மா பழைய அட்டையையே டைல்ஸுக்குப் போட்டார். புதுத் தாளுக்கு பி.டி. சாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தப் பேஜாரு வேண்டாம் என்றார். நானும் சரி என்றேன். அந்த அட்டையில்தான் எண் இருக்கிறது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. கணக்குப் பார்த்து வேலை செய்கிறவன் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வியாழன் மாலை வரை 7219 கிடைக்கவில்லை. இருபத்திரண்டு அறைகள் பார்த்தாயிற்று. என் மேசைக்குத் திரும்பி வந்து, பார்த்த அறைகளின் பட்டியலை மறுபடி சரிபார்த்தேன். அம்மா கதவருகே நின்று, சேலை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இன்னும் எதாச்சும் ரூம் பாக்கி இருக்காம்மா?”

“ரூமு இல்ல சார்.”

“பின்னே?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் மேசையின் இடது மூலையைப் பார்த்தார். அங்கே என் சாப்பாட்டுத் தூக்குவாளி இருந்தது. அதற்கு அடியில், பிரவுன் அட்டை போட்ட, ஒரு அடிக்கு மேல் நீளமான கனம் ஒன்று. கடல் ஈரத்தில் மாற்றுச் சான்றிதழ்கள் சுருண்டுகொள்ளும்; அவற்றை அழுத்தி வைக்க ஏதாவது வேண்டும் என்று நூலகத்துக்கு நானே கேட்டு எழுதியிருந்தேன். வந்து ஆறு ஆண்டுகள். முதுகு சுவர்ப் பக்கம். தூக்கிப் பார்த்தேன். 7219.

“மொத நாளே சொல்லக் கூடாதாம்மா?”

“எப்டி சார் சொல்றது? ஊரெல்லாம் போயி அத்தினி பேரையும் முறைச்சிக்கினு வந்தீங்க. உங்க டேபிள்லயே கீதுன்னு நான் சொன்னா நல்லாவா இருக்கும்?”

மணி நாலு ஐம்பது.

அட்டையைப் பிரித்தேன். நூல் திறக்கவில்லை. தினமும் காலை ஒன்பது நாற்பதுக்குச் சூட்டோடு தூக்குவாளியை அதன்மேல் வைத்து, ஒன்று ஐந்துக்கு எடுத்துவிடுவேன். ஒருநாள்கூட இடம் மாற்றி வைத்ததில்லை. அத்தனை நாள் ஆவியும், சன்னல் ஈரமும், மேலே இருந்த கனமும் சேர்ந்து, வழவழப்பான அந்தத் தாள்களை ஒரே பலகையாக ஒட்டிவிட்டிருந்தன. மூன்று நாளாகப் பேராசிரியர்களை மனத்துக்குள் திட்டிக்கொண்டு திரிந்தேனே, அவர்கள் வைத்திருந்த நான்கு நூல்களும் நன்றாகத் திறந்தன. கெட்டது நான் வைத்திருந்தது ஒன்றுதான்.

பேருந்தில் ஐந்தையும் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நடந்ததைச் சொன்னேன். என் மனைவி பிறந்து வளர்ந்தது எல்லாம் தண்டையார்பேட்டைதான். கோபம் வந்தால் மட்டும் அவள் அப்பாவின் திருநெல்வேலி வரும்.

“என்ன சொல்லுதீங்க? ஆறு வருசமா இதும்மேலயா சோத்தை வச்சிருக்கீங்க?”

“ஆமாம்.”

“எம் மேசையில எல்லாம் அதது எடத்துல இருக்கும்னு பெருமையா சொல்லுவீங்களே.”

“அதது இடத்துலதான் இருந்தது.”

அவள் நூலை விளக்கடியில் வைத்தாள். அளவுகோல், மழுங்கின கத்தி, தலைக்குப் போடும் ஊசி என்று ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் நுழைத்துப் பார்த்தாள். முன்னால் எட்டுப் பக்கம் பிரிந்தது; அது முகவுரை. பிறகு ஒரு படம் பிரிந்தது. ஒரு பெண்ணின் முகத்தில் கண்ணும் மூக்கும் இந்தப் பக்கத்தில் இருந்தன. வாயும் கழுத்தும் எதிர்ப்பக்கத்தோடு போயிருந்தன. அதற்கு மேல் அவள் முயலவில்லை.

“கணினி அறையில் இன்னொரு நூல் இருக்கு” என்றேன். “ஐரோப்பிய நாற்காலிகள். கணக்குக்கு அஞ்சு ஆயிடும். காலையில எட்டரைக்குப் போய்...”

“எட்டாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு நாற்காலியக் காட்டவா நான் இத்தன நாள் ராப்பகலா எழுதினேன்? சும்மா இருங்க. இதையே கொண்டு போறேன்.”

“ஆனா அது திறக்காதே.”

“தொறக்காதுன்னு சொல்லிட்டுத்தான் காட்டுவேன்.”

வெள்ளிக்கிழமை நான் அரைநாள் விடுப்பு எடுத்து, நூல்களைச் சுமந்துகொண்டு கூடவே போனேன். வகுப்புக்கு வெளியே, சன்னலை ஒட்டிய பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். முதலில் அந்த இன்னொரு பெண் பாடம் எடுத்தார். அவர் மேசையில் ஐந்து நூல்கள் இருந்தன. ஐந்தும் புத்தம் புதியவை. மேலே ஒட்டிய பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. குழுவில் மூன்று பேர்: தாளாளர், தலைமையாசிரியை, இரும்புச் சாமான் மொத்த வியாபாரி ஒருவர். வியாபாரி எழுந்து வந்து, விரலால் தொட்டு ஒன்று, இரண்டு என்று ஐந்து வரை எண்ணி, தாளில் டிக் போட்டுவிட்டு உட்கார்ந்தார். தன் கடையில் ஆணிப் பெட்டியை எண்ணுவதும் அப்படித்தான் இருக்கும்.

பிறகு என் மனைவி. நான்கு நூல்களைத் திறந்து பிள்ளைகளிடம் சுற்றிவிட்டாள். கடைசியாக 7219-ஐத் தூக்கி மேசைமேல் வைத்தாள். சத்தம் கேட்டு முன் வரிசை நிமிர்ந்தது.

“இன்னா மிஸ் இது, கல்லாட்டம் கீது?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

“இதுக்குள்ள தொண்ணூத்தாறு ஓவியம் இருக்கு. ஆனா நீங்களும் பாக்க முடியாது, நானும் பாக்க முடியாது. ஏன்னு கண்டுபிடிங்க.”

நூல் கைமாறிக்கொண்டே போனது. தட்டினார்கள், குலுக்கினார்கள், நகத்தை நுழைத்தார்கள். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: “மிஸ், சாம்பார் வாசன வருது மிஸ்!”

வகுப்பே சிரித்தது. நான் சன்னலுக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

“அதேதான்” என்றாள் என் மனைவி, சிரிக்காமல். “ஈரம், சூடு, புகை. புஸ்தகத்துக்கு ஆறு வருசத்துல ஆனது கோயில் சுவருக்கும் ஆகும். சுவத்துல ஓவியம் இருக்குன்னு தெரியாம அடுப்பு மூட்டுவாங்க, சுண்ணாம்பு அடிப்பாங்க. கெட்டவங்க இல்ல. ஒழுங்கா வேலை பாக்கிறவங்கதான்.” பிறகு பிரிந்த அந்த ஒரு படத்தைக் காட்டி, இல்லாத வாயையும் கழுத்தையும் அவரவர் நோட்டில் வரையச் சொன்னாள். அதற்கு அப்புறம் வகுப்பில் பென்சில் ஓசை மட்டும்தான் கேட்டது.

வியாபாரி எழுந்து வந்தார். 7219-ஐ விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

“இது எத்தனாவது?”

“அஞ்சாவது சார்.”

டிக் போட்டார்.

மூன்று வாரம் கழித்து ஆணை வந்தது. அவள் நிரந்தரம். ஆணையோடு இணைத்திருந்த தாளில் ‘பார்வை நூல்கள் ஐந்து; சரிபார்க்கப்பட்டது’ என்று இருந்தது. பாடத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஏன் இவளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைத் தலைமையாசிரியை பிறகு சொன்னார்: அந்த இன்னொரு பெண்ணால் சனிக்கிழமைகளில் வர முடியாதாம். ஒன்பது ஆண்டு வேலைக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கும் அவர்கள் போட்ட மதிப்பு அதுதான். என் மனைவி அதைக் கேட்டு, “சரி, வேலை வந்துட்டுல்லா?” என்று சொல்லிவிட்டு, அன்று மாலை இரண்டு பேருக்கும் அல்வா வாங்கி வந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை, திறக்கிற நான்கு நூல்களையும் திருப்பிக் கொடுக்கப் போனேன். பி.டி. சார் எழுந்துகூட நிற்கவில்லை.

“இது எதுக்கு சார்? ஸ்டாக் எல்லாம் கரெக்டா இருக்கு. போன வாரந்தான் வருஷாந்தரச் சரிபார்ப்பு முடிச்சேன். ரூம் ரூமா போய்ப் பாத்தேன். முப்பத்தெட்டும் ட்யூட்டில இருக்கு.”

“அதுல அஞ்சு டைல்ஸ் சார், என் மேசையில இருக்கறதையும் சேர்த்து.”

“நம்பர் ஒட்டியிருந்துச்சா?”

“இருந்தது.”

“அப்புறம் என்ன? இத நான் எடுத்துக்கிட்டா நாலு கூடுதலாயிடும். ஆடிட்ல கேட்டா நீங்களா பதில் சொல்லுவீங்க?”

எழுத்தில் கொடுத்தேன். டைல்ஸை நீக்கி நூல்களை ஏற்கும்படி ஒரு பக்கக் கடிதம். ‘இருப்புச் சரியாக உள்ளது, மேல்நடவடிக்கை தேவையில்லை’ என்று அதன் ஓரத்திலேயே எழுதி, முதல்வரின் கையெழுத்தோடு எனக்கே திருப்பி அனுப்பினார்கள். உதவியாளர் அம்மா கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு, “வுடு சார். படிக்கிறவங்க ஆண்ட இருக்கட்டும்” என்றார்.

நான்கு நூல்களும் இப்போது தண்டையார்பேட்டைப் பள்ளியின் ஓவிய அறையில், பிரவுன் அட்டை இல்லாமல், தலைப்பு தெரியும்படி நிற்கின்றன. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். ஐந்தாவதையும் என் மனைவி தரவில்லை. ஆண்டுதோறும் அந்தப் பாடத்துக்கு வேண்டுமாம். எந்த நூல் எங்கே இருக்கிறது என்பது உள்ளபடி எழுதப்பட்டிருக்கும் ஒரே இடம் என் நாட்குறிப்பு.

என் மேசையின் இடது மூலையில் மூன்று டைல்ஸ் இருக்கின்றன. அட்டையில் 7219 என்று இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ்கள் முன்போலவே சுருளாமல் இருக்கின்றன. தூக்குவாளியைச் சன்னல் திட்டுக்கு மாற்றிவிட்டேன். அந்த அட்டையைப் பிரித்துக் காட்டச் சொல்லி இதுவரை யாரும் கேட்கவில்லை.